முதலீட்டு வங்கி இன்டர்ன்ஷிப்: ரெஸ்யூமேயில் எது மேலே, எது வெளியே?

முதலீட்டு வங்கிகளில் இன்டர்ன்ஷிப் தேடும் கல்லூரி மாணவர்களிடமிருந்தும் அவர்களுடைய பெற்றோரிடமிருந்தும் வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். நிறுவனங்கள் பங்குச் சந்தையில் மூலதனம் திரட்டுவதற்கும், ஒரு நிறுவனம் மற்றொன்றை வாங்குவதற்கும் விற்பதற்கும் ஆலோசனை கூறிக் கட்டணம் பெறுவதே முதலீட்டு வங்கிகளின் தொழில். இந்தியாவில் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பு இத்தொழிலுக்கு ‘மெர்ச்சன்ட் பேங்கர்’ என்ற பெயரில் பதிவுச் சான்று வழங்குகிறது.

கேள்வி: நான் பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மும்பையிலும் சென்னையிலும் உள்ள முதலீட்டு வங்கிகளுக்கு இருபதுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களை அனுப்பிவிட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. என் ரெஸ்யூமேயை இணைத்துள்ளேன். எதை மாற்ற வேண்டும் என்று தயவுசெய்து வெளிப்படையாகச் சொல்லுங்கள்.
— மாணவி, பாளையங்கோட்டை

பதில்: உங்கள் ரெஸ்யூமே இரண்டு பக்கம் ஓடுகிறது. முதல் பக்கத்தில் புகைப்படம், சவாலான சூழலில் பணியாற்றி நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பங்களிக்க விரும்புவதாக நான்கு வரிகள், மதிப்பெண் அட்டவணை, இணையவழிப் படிப்புகளின் பதினொரு சான்றிதழ்கள் ஆகியவை உள்ளன. இரண்டாம் பக்கத்தின் அடியில், பொழுதுபோக்குகளுக்கும் உறுதிமொழிக்கும் நடுவே, கோடை விடுமுறையில் ஆடிட்டர் அலுவலகத்தில் பயிற்சி பெற்றதாக ஒரே ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைப் பற்றி விளக்கம் கேட்டு எழுதியபோது நீங்கள் அனுப்பிய பதில், முழு ரெஸ்யூமேயையும்விடக் கனமாக இருந்தது. ஓர் அரிசி ஆலை, ஒரு ஹார்டுவேர் கடை, ஓர் உர விற்பனையாளர் ஆகிய மூவருடைய கொள்முதல் பதிவேட்டை, விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையோடு ஒப்பிட்டு, உள்ளீட்டு வரி வரவில் விடுபட்ட பில்களைப் பட்டியலிட்டிருக்கிறீர்கள். வங்கிக் கடனுக்காக நடந்த ஸ்டாக் ஆடிட்டின்போது ஆலையின் கிடங்கில் மூட்டைகளை எண்ணிச் சரிபார்த்த குழுவிலும் இருந்திருக்கிறீர்கள்.

ஒரு நிறுவனத்தை விலைக்கு வாங்க நினைப்பவர் முதலில் செய்யச் சொல்கிற வேலையும் ஏறத்தாழ இதுதான். கணக்கில் காட்டிய விற்பனையும் ஜிஎஸ்டி அறிக்கையில் காட்டிய விற்பனையும் பொருந்துகின்றனவா, இருப்பு என்று எழுதியது கிடங்கில் உண்மையாகவே கிடக்கிறதா, வர வேண்டிய பாக்கி வசூலாகக் கூடியதா என்று சரிபார்ப்பது ‘டியூ டிலிஜென்ஸ்’ என்று இத்தொழிலில் சொல்லப்படும் ஆய்வின் அடித்தளம். அந்த வேலையைச் சிறிய அளவில் நேரில் செய்து பார்த்த ஒருவர், அதை இரண்டாம் பக்கத்தின் அடியில் புதைத்துவிட்டு, ‘இணையவழித் தலைமைப்பண்பு’ சான்றிதழை முதல் பக்கத்தில் வைத்திருப்பதுதான் உங்கள் ரெஸ்யூமேயின் பெரிய குறை. மற்றவை எல்லாம் சில்லறைத் திருத்தங்கள்.

ஆகவே முதலில் வரிசையை மாற்றுங்கள். கல்வி விவரம் மேலே இருக்கட்டும். மாணவர்களுக்கு அதுவே வழக்கம். அதற்கு அடுத்தபடியாக ஆடிட்டர் அலுவலகப் பணி மூன்று அல்லது நான்கு வரிகளில் வரட்டும். என்ன செய்தீர்கள், எந்த அளவில் செய்தீர்கள், அதைக் கொண்டு அலுவலகம் என்ன செய்தது என்ற மூன்றும் ஒவ்வொரு வரியிலும் தெரிய வேண்டும். ‘ஜிஎஸ்டி பணிகளில் உதவினேன்’ என்று எழுதினால் படிப்பவருக்குக் கேட்க ஒன்றும் இருக்காது. ‘மூன்று வாடிக்கையாளர்களின் கொள்முதல் பதிவேட்டை ஜிஎஸ்டிஆர்-2பி-யுடன் எக்செலில் ஒப்பிட்டு, பொருந்தாத பில்களை விற்றவர் வாரியாகத் தொகுத்தேன்; அப்பட்டியலைக் கொண்டு அலுவலகம் அவர்களிடம் திருத்தம் கோரியது’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதினால், எத்தனை பில்கள், ஏன் பொருந்தவில்லை, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அடுத்தடுத்துக் கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விகளுக்குப் பத்து நிமிடம் தடுமாறாமல் பேச உங்களால் முடியும் என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. பில்களின் எண்ணிக்கை நினைவில் இல்லை என்றால் ஓர் எண்ணைக் கற்பித்து எழுத வேண்டாம். அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அல்லது எண் இல்லாமலே விடுங்கள். வாடிக்கையாளர்களின் பெயரை எந்த நிலையிலும் எழுதக் கூடாது. ‘தென் மாவட்ட அரிசி ஆலை ஒன்று’ என்று சொன்னால் போதும்; பிறருடைய கணக்கு விவரத்தை வெளியே சொல்பவரை ரகசியம் காக்க வேண்டிய இத்தொழிலில் யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

பதினொரு சான்றிதழ்களில் நிதிக் கணக்கியலையும் எக்செலையும் பற்றிய இரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடலாம். அப்படிக் கிடைக்கும் இடத்தில் ‘ஆராய்ந்த பரிவர்த்தனைகள்’ என்றொரு பகுதியைச் சேர்க்க வேண்டும். அந்தப் பகுதியில் எழுத இன்று உங்களிடம் ஒன்றும் இல்லை. ஆனால் சில வாரங்கள் உட்கார்ந்தால் உண்டாக்கிக்கொள்ளலாம். அதற்கான பொருள் உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. தாழையூத்தை ஒட்டிய சங்கர்நகரில் 1949-இல் தன் முதல் ஆலையைத் தொடங்கிய இந்தியா சிமென்ட்ஸ், 2024-இல் மற்றொரு சிமென்ட் நிறுவனமான அல்ட்ராடெக்குக்குக் கைமாறத் தொடங்கியது. அவ்வாண்டு ஜூன் இறுதியில் அல்ட்ராடெக் ஏறத்தாழ 23 சதவீதப் பங்குகளை, பங்கு ஒன்றுக்கு அதிகபட்சம் 267 ரூபாய் கொடுத்து வாங்கியது. அடுத்த மாதமே, நிறுவனத்தைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருந்த புரொமோட்டர்களிடமும் அவர்களைச் சார்ந்தோரிடமும் இருந்த 32.72 சதவீதத்தைப் பங்குக்கு 390 ரூபாய் வீதம் 3,954 கோடி ரூபாய்க்கு வாங்க ஒப்பந்தம் செய்துகொண்டு, பொதுப் பங்குதாரர்களிடமிருந்து மேலும் 26 சதவீதத்தை அதே 390 ரூபாய்க்கு வாங்க முன்வருவதாக அறிவித்தது.

இந்தச் சில எண்களைக் கொண்டே ஒரு நேர்காணல் முழுவதையும் நடத்திவிடலாம். முதல் கொள்முதல் 25 சதவீதத்தை எட்டாமல் நின்றதற்கும், 25 சதவீத வாக்குரிமையை எட்டுபவர் மற்றப் பங்குதாரர்களுக்கும், அவர்களுடைய பங்குகளை வாங்கிக்கொள்வதாக ‘ஓப்பன் ஆஃபர்’ கொடுக்க வேண்டும் என்ற செபியின் 2011-ஆம் ஆண்டுக் கையகப்படுத்தல் விதிகளுக்கும் உள்ள தொடர்பை யோசித்துப் பாருங்கள். ஓப்பன் ஆஃபர் ஏன் 26 சதவீதத்துக்கு என்பதற்கும் அதே விதிகளில் விடை உண்டு. விலை ஏன் 390 என்றால், புரொமோட்டர்களுக்கு ஒப்பந்தத்தில் கொடுத்த விலைக்குக் குறையாமல் மற்றவர்களுக்கும் கொடுக்க வேண்டும். அதே நிறுவனத்தின் பங்குக்கு ஒரு மாத இடைவெளியில் 46 சதவீதம் கூடுதலாக விலை கொடுத்தது எதை வாங்குவதற்காக என்பதுதான் இவற்றில் சுவையான கேள்வி; அதற்கு விடை எழுத முயலும்போது, கட்டுப்பாட்டு உரிமைக்கென்று தனி விலை இருப்பது பாடப்புத்தகத்தில் படித்ததைவிடத் தெளிவாகப் புரியும்.

பிறகு மதிப்பீட்டுக்கு வாருங்கள். மொத்தப் பங்குகள் ஏறத்தாழ 31 கோடி. 390 ரூபாய் வீதம் கணக்கிட்டால் பங்கு மூலதனத்தின் மதிப்பு ஏறத்தாழ 12,100 கோடி ரூபாய் வருகிறது. நிறுவனத்தின் உற்பத்தித் திறன் ஆண்டுக்கு 1.445 கோடி டன். கடனைச் சேர்க்காமலேயே ஒரு டன் திறனுக்கு 8,300 ரூபாய்க்கு மேல் ஆகிறது. அப்போது அந்நிறுவனம் நட்டத்தில் இருந்ததால், லாபத்தின் மடங்காக மதிப்பிடும் முறை இங்கே பெரிதாக உதவாது. சிமென்ட் தொழிலில் டன் கணக்கில் ஒப்பிடும் வழக்கம் எதற்காக என்பதும் அதனால் விளங்கும். நிகரக் கடனையும் சேர்த்து, அதே கணக்கை ராம்கோ சிமென்ட்ஸ், டால்மியா பாரத், சாகர் சிமென்ட்ஸ் ஆகியவற்றின் சந்தை மதிப்புக்கும் போட்டு, ஐந்தாறு பக்கக் குறிப்பாக எழுதி வையுங்கள். ஓப்பன் ஆஃபர் ஆவணங்கள் செபியின் தளத்திலும், ஆண்டறிக்கைகள் நிறுவனங்களின் தளங்களிலும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ரெஸ்யூமேயில் இதற்கு இரண்டு வரி போதும். குறிப்பைக் கேட்டால் அனுப்ப ஆயத்தமாக இருக்க வேண்டும். நல்ல நிறுவனத்தில் கேட்கத்தான் செய்வார்கள்.

கடைசியாக, ‘எம்.எஸ். ஆபீஸ் தெரியும்’ என்ற வரி. இன்று அது படிக்கவும் எழுதவும் தெரியும் என்று சொல்வதற்கு ஒப்பானது. லாப நட்டக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு, ரொக்க ஓட்ட அறிக்கை ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று இணைத்து ஏதேனும் ஒரு நிறுவனத்துக்கு எக்செலில் மாடல் செய்து, அதை எழுதுங்கள். உள்ளிடும் எண்களை நீல நிறத்திலும் சூத்திரங்களைக் கறுப்பிலும் வைப்பது இத்தொழிலின் நெடுநாள் பழக்கம். அதைக் கடைப்பிடித்தால் உங்கள் கோப்பைத் திறப்பவருக்கு உடனே மதிப்பு வரும். அவ்வாறு எழுதிய பிறகு, தேய்மானம் 10 ரூபாய் கூடினால் மூன்று அறிக்கைகளிலும் என்ன நடக்கும் என்று கேட்பார்கள் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். வரி 25 சதவீதம் என்று கொண்டால் நிகர லாபம் 7.50 குறையும், தேய்மானம் ரொக்கச் செலவு அல்லாததால் ரொக்கம் 2.50 கூடும், இருப்புநிலைக் குறிப்பில் சொத்துப் பக்கம் நிலையான சொத்து 10 குறைந்து, ரொக்கம் 2.50 கூடி, மொத்தத்தில் 7.50 குறையும், எதிர்ப்பக்கத்தில் தக்கவைத்த லாபமும் அதே 7.50 குறையும். இதை மனப்பாடம் செய்து ஒப்பிப்பவரையும் மாடல் போட்டுப் பார்த்தவரையும் அடுத்த கேள்வியிலேயே பிரித்துவிடலாம்.

கேள்வி: ரெஸ்யூமேயில் தந்தை பெயர், பிறந்த தேதி, புகைப்படம், ‘மேற்கண்ட விவரங்கள் உண்மை என உறுதியளிக்கிறேன்’ என்ற உறுதிமொழி ஆகியவை கட்டாயமா? எங்கள் கல்லூரி மாதிரிப் படிவத்தில் எல்லாம் இருக்கின்றன.
— மாணவர், தஞ்சாவூர்

பதில்: முதலீட்டு வங்கிக்கு இவற்றில் எதுவும் வேண்டாம். கல்லூரி பிளேஸ்மென்ட் செல் அந்தப் படிவத்தைக் கேட்டால் அவர்களுக்கு அதைக் கொடுத்துவிட்டு, நீங்களாக அனுப்பும் விண்ணப்பங்களுக்கு ஒரு பக்க ரெஸ்யூமேயைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்கள் மட்டும் இருக்கட்டும். இந்திய நிறுவனங்கள் அவற்றை இன்னும் பார்க்கின்றன. இரண்டு பத்தியாகப் பிரித்த வண்ண வடிவமைப்புகளும், எக்செல் திறமை 80 சதவீதம் என்று பட்டை போட்டுக் காட்டும் படங்களும் வேண்டாம். எழுத்து கறுப்பில், கோப்பு பிடிஎஃப் வடிவில், கோப்பின் பெயரில் உங்கள் பெயர் என்று எளிமையாக இருந்தால் போதும்.

கேள்வி: நான் இ.சி.இ. மூன்றாம் ஆண்டு. சிஜிபிஏ 6.9. இரண்டாம் செமஸ்டரில் ஓர் அரியர் இருந்து, பின்னர் எழுதித் தேறிவிட்டேன். பெரிய கல்லூரியும் இல்லை. மதிப்பெண்ணை ரெஸ்யூமேயில் விட்டுவிடலாமா? இந்தத் துறையில் எனக்கு இடம் உண்டா?
— மாணவர், சேலம்

பதில்: விட்டுவிடக் கூடாது. மதிப்பெண் இல்லாத மாணவர் ரெஸ்யூமேயைப் பார்ப்பவர், உண்மையில் இருப்பதைவிடக் குறைவான ஒன்றைத் தாமாகவே ஊகித்துக்கொள்வார். 6.9 என்றே எழுதுங்கள். அதை 7 ஆக்குவது சிறிய பொய்தான், ஆனால் மதிப்பெண் பட்டியலைச் சரிபார்க்கும் நாளில் அது பெரிதாகத் தெரியும். பிந்தைய செமஸ்டர்களில் உயர்ந்திருந்தால் அந்தச் சராசரியையும் பக்கத்தில் தனியாகக் குறிப்பிடலாம். தேறிவிட்ட அரியரை ரெஸ்யூமேயில் எழுதத் தேவையில்லை. விண்ணப்பப் படிவத்தில் அரியர் வரலாறு உண்டா என்று கேட்டால் மறைக்காமல் ஆம் என்று பதிலளிக்க வேண்டும்.

இடம் உண்டா என்ற கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்வதானால், மும்பை பாந்த்ரா-குர்லா வளாகத்தில் இருக்கும் பெரிய வங்கிகளின் கோடைக்கால இடங்களில் பெரும்பாலானவை ஐஐஎம், ஐஎஸ்பி போன்ற நிறுவனங்களின் வளாகத் தேர்விலேயே நிரம்பிவிடுகின்றன. அந்தக் கதவை மட்டும் தட்டிக்கொண்டிருப்பது காலவிரயம். செபியின் தளத்தில் பதிவுபெற்ற மெர்ச்சன்ட் பேங்கர்களின் முழுப் பட்டியல் முகவரியோடு இருக்கிறது. அதில் நீங்கள் பெயரே கேள்விப்பட்டிராத பல சிறிய நிறுவனங்கள் உண்டு. 2012-இல் தொடங்கிய பிஎஸ்இ எஸ்எம்இ, என்எஸ்இ எமர்ஜ் ஆகிய சிறு நிறுவனச் சந்தைகளுக்கான பங்கு வெளியீடுகளை இத்தகையவர்களே அதிகம் கையாளுகிறார்கள். ஆட்பலம் குறைவு என்பதால், அங்கே சேரும் மாணவருக்கு வரைவு ஆவணத்தின் ஒரு பகுதியையே சரிபார்க்கும் வேலை கிடைக்கக்கூடும். தரமதிப்பீட்டு நிறுவனங்கள், கணக்குத் தணிக்கைக் குழுமங்களின் மதிப்பீட்டுப் பிரிவுகள், பங்கு ஆய்வு நிறுவனங்கள் ஆகியவற்றில் பெறும் பயிற்சியும் பின்னர் முதலீட்டு வங்கிக்குப் பாலமாக அமையும்.

பொறியியல் படிப்பை ஒரு குறையாக நினைத்து ரெஸ்யூமேயில் ஒதுக்கி வைக்காதீர்கள். மின்னணுப் பொருள் உற்பத்தித் துறையில் சிர்மா எஸ்ஜிஎஸ், கெய்ன்ஸ் டெக்னாலஜி ஆகியவை 2022-இல் பங்குச் சந்தைக்கு வந்தன. சர்க்யூட் பலகையில் உதிரிகளைப் பொருத்தும் வேலைக்கும், பொருளையே வடிவமைத்துத் தரும் வேலைக்கும் லாப விகிதம் ஏன் மாறுபடுகிறது என்பதை ஒரு வணிகவியல் மாணவரைவிட நீங்கள் விரைவில் புரிந்துகொள்வீர்கள். அவ்விரு நிறுவனங்களின் வெளியீட்டு ஆவணங்களைப் படித்து, வெளியீட்டு விலைக்கான அடிப்படையை விளக்கும் அத்தியாயத்தில் உள்ள ஒப்பீட்டு அட்டவணையை நீங்களே மறுபடியும் கணக்கிட்டுப் பாருங்கள். ‘மின்னணு உற்பத்தித் துறை’ என்று ஒரு துறையைச் சொந்தமாக்கிக்கொண்ட 6.9, எந்தத் துறையும் தெரியாத 8.5-ஐவிட நேர்காணலில் நன்றாகப் பேசும் என்பது என் எண்ணம். நேர்காணல்வரை போய்ச் சேருவதுதான் கடினம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: ரெஸ்யூமேயில் எடை கூட்ட சிஎஃப்ஏ முதல் நிலை எழுதுவதா, என்ஐஎஸ்எம் தேர்வு எழுதுவதா?
— மாணவி, திருச்சி

பதில்: உங்கள் கேள்வியில் இரண்டு வெவ்வேறு அளவிலான முயற்சிகள் இருக்கின்றன. சிஎஃப்ஏ என்பது நிதி ஆய்வாளர்களுக்கான சர்வதேசத் தேர்வு, மூன்று நிலைகள் கொண்டது; முதல் நிலையைப் பட்டப்படிப்பு முடிய இரண்டு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்போதே எழுத அனுமதி உண்டு. பல மாதப் படிப்பு தேவை. கட்டணம் டாலரில் வசூலிக்கப்படுவதால் ஒரு லட்ச ரூபாயை ஒட்டியோ அதற்கு மேலோ செலவாகும். வீட்டில் கடன் வாங்கிக் கட்ட வேண்டிய நிலை என்றால், இன்டர்ன்ஷிப்புக்காக மட்டும் அதைச் செய்ய வேண்டாம் என்பேன். என்ஐஎஸ்எம் என்பது செபி நிறுவிய பயிற்சி நிறுவனம்; அதன் தொடர் IX, மெர்ச்சன்ட் பேங்கிங் பற்றிய தேர்வு. கட்டணம் சிறியது, சான்று மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும், வெளியீட்டு விதிகளையும் கையகப்படுத்தல் விதிகளையும் ஒருமுறை முழுதாகப் படிக்க வைத்துவிடும். சிறிய மெர்ச்சன்ட் பேங்கர்களிடம் விண்ணப்பிக்கும்போது அது நேரடியாகப் பயன்படும்.

சிஎஃப்ஏ முதல் நிலையில் தேறியிருந்தால், தேறிய மாதத்தையும் ஆண்டையும் சேர்த்து ஒரு செய்தியாக மட்டும் குறிப்பிடுங்கள். பெயருக்குப் பின்னால் பட்டம்போல் போட்டுக்கொள்வது அந்த அமைப்பின் நெறிமுறைக்கே எதிரானது. அந்த நெறிமுறை தேர்வுப் பாடத்திலேயே வருகிறது என்பதால், அத்தகைய ரெஸ்யூமேயைப் பார்ப்பவர் இவர் பாடத்தைப் படித்தாரா என்றே ஐயப்படுவார்.

கேள்வி: ஐயா, என் மகனுக்கு ஒரு நிறுவனம் ‘இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் விர்ச்சுவல் இன்டர்ன்ஷிப்’ தருகிறேன் என்று சில ஆயிரம் ரூபாய் கேட்கிறது. ஒரு மாதத்தில் சான்றிதழும் பரிந்துரைக் கடிதமும் தருவார்களாம். கட்டலாமா?
— தந்தை, மதுரை

பதில்: கட்ட வேண்டாம். வேலை செய்பவர் சம்பளம் வாங்குவார், அல்லது அனுபவத்துக்காகச் சம்பளமின்றி வேலை செய்வார். வேலை செய்ய அவரே பணம் கொடுத்தால் அங்கே விற்கப்படுவது சான்றிதழ். ரெஸ்யூமே படிப்பவர்களுக்கு இத்தகைய நிறுவனங்களின் பெயர்கள் நன்றாகவே பழக்கம். எந்த வாடிக்கையாளருக்கு, யாருடைய மேற்பார்வையில், என்ன வேலை செய்தாய் என்ற முதல் கேள்வியிலேயே உங்கள் மகன் திகைத்து நிற்க நேரிடும்.

ஃபோரேஜ் என்ற தளத்தில் ஜே.பி. மார்கன் உள்ளிட்ட நிறுவனங்கள் வடிவமைத்த மாதிரிப் பணிகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவற்றைச் செய்து பார்ப்பது நல்லது. ஆனால் அவற்றையும் ‘பணி அனுபவம்’ என்ற தலைப்பில், அந்த வங்கியிலேயே வேலை பார்த்ததுபோல் எழுதும் பழக்கம் மாணவர்களிடம் பரவியிருக்கிறது. இணையவழிப் பயிற்சி என்ற தலைப்பின்கீழ் ஒரு வரியாக வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ‘ஐபிஓ-க்களைத் தொடர்ந்து கவனிப்பதில் ஆர்வம்’ என்று ரெஸ்யூமேயில் எழுதியிருந்தேன். தொலைபேசி நேர்காணலில் அதைப் பற்றியே கேட்டுத் திணறடித்துவிட்டார்கள். நீக்கிவிடலாமா?
— மாணவர், வேலூர்

பதில்: நீக்க வேண்டாம். ஐபிஓ என்பது ஒரு நிறுவனத்தின் பங்குகள் முதன்முறையாகப் பொதுமக்களுக்கு விற்கப்படும் வெளியீடு; அப்படி ஒரே ஒரு வெளியீட்டை எடுத்து முழுதாகப் படியுங்கள். உதாரணமாக, ஸ்ரீபெரும்புதூர் அருகே ஆலை வைத்திருக்கும் ஹூண்டாய் மோட்டார் இந்தியா 2024 அக்டோபரில் வெளியிட்ட 27,870 கோடி ரூபாய்ப் பங்குகள், அதுவரை இந்தியாவில் வந்தவற்றிலேயே மிகப் பெரிய ஐபிஓ. அந்தப் பணத்தை வைத்து ஹூண்டாய் தன் ஆலையை விரிவாக்கும் என்று சொல்லும் மாணவர் ஆவணத்தைத் திறக்கவே இல்லை என்பது அப்போதே தெரிந்துவிடும். ஏனெனில் அது முழுக்கத் தாய் நிறுவனம் தன்னிடமிருந்த பங்குகளை விற்ற வெளியீடு. இந்திய நிறுவனத்துக்கு அதிலிருந்து ஒரு ரூபாயும் வரவில்லை. தொகை ஏறத்தாழ 14.2 கோடிப் பங்குகளை 1,960 ரூபாய் வீதம் விற்றுக் கிடைத்தது. தாய் நிறுவனம் ஏன் விற்றது, அந்த விலையை மாருதி சுசுகியின் விலையோடு எப்படி ஒப்பிட்டார்கள் என்று இரண்டு கேள்விகளுக்கு விடை தேடி வைத்துக்கொண்டால், அடுத்த முறை அந்த வரியே உங்களுக்குத் துணை நிற்கும்.

கேள்வி: விளம்பரம் இல்லாத நிறுவனங்களுக்கு ரெஸ்யூமேயை எப்படி அனுப்புவது? பொது மின்னஞ்சலுக்கு அனுப்பினால் யாரும் திறப்பதாகத் தெரியவில்லை.
— மாணவி, சென்னை

பதில்: எந்த வெளியீட்டின் வரைவு ஆவணத்தை எடுத்தாலும், அதைக் கையாளும் மெர்ச்சன்ட் பேங்கரின் முகவரியும் தொடர்பு அலுவலரின் பெயரும் அதிலேயே இருக்கும். அவருக்கு நேராக எழுதுங்கள். கடிதம் ஆறேழு வாக்கியங்களைத் தாண்ட வேண்டாம்: நீங்கள் யார், எந்த மாதங்களில் எத்தனை வாரம் வர முடியும், அந்நிறுவனம் கையாண்ட எந்த வெளியீட்டைப் படித்தீர்கள், அதில் என்ன கவனித்தீர்கள், அவ்வளவுதான். ‘மதிப்பிற்குரிய ஐயா/அம்மா’ என்று ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்பியது எப்படியும் தெரிந்துவிடும். ஒரு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம், மறுபடியும் வேண்டாம். உங்கள் கல்லூரியில் படித்துவிட்டு இத்துறையில் இருக்கும் அண்ணன்மார், அக்காமாருக்கு எழுதும்போது வேலை கேட்காமல், ரெஸ்யூமேயில் எந்த வரி பலவீனமாக இருக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் அதற்குப் பதில் எழுதுவார்கள்.

கேள்வி: எங்கள் குடும்பம் பம்ப்செட் தயாரிக்கும் சிறு தொழிற்சாலை நடத்துகிறது. கணக்கு, பாக்கி வசூல் எல்லாவற்றிலும் அப்பாவுக்கு உதவுகிறேன். இதை ரெஸ்யூமேயில் எழுதினால் சிறுபிள்ளைத்தனமாக இருக்குமா? நண்பர்கள் சிரிக்கிறார்கள்.
— மாணவர், கோயம்புத்தூர்

பதில்: எழுதுங்கள். பட்டியலிட்ட நிறுவனங்களின் ஆண்டறிக்கையை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஒரு தொழில் உள்ளே எப்படி ஓடுகிறது என்பதைப் பார்த்த மாணவர்கள் சிலரே. பதவிப் பெயர் மட்டும் அளவோடு இருக்கட்டும். ‘நிதி இயக்குநர்’ என்று போட்டுக்கொண்டால் நண்பர்களோடு நேர்காணல் செய்பவரும் சிரிப்பார். ‘குடும்பத் தொழிலில் கணக்கு, வசூல் உதவி’ என்று எழுதி, தொழிலின் அளவை ஒரு வரியில் சொல்லுங்கள். விற்றுமுதலை வெளியிட அப்பாவுக்கு மனமில்லை என்றால் தொகைக்குப் பதிலாக நாட்களிலும் சதவீதத்திலும் எழுதலாம்.

எதை எழுதுவது என்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். ஆண்டு விற்பனை 12 கோடி, வர வேண்டிய பாக்கி 3 கோடி என்று வைத்துக்கொண்டால், விற்ற பணம் கைக்கு வரச் சராசரியாக 91 நாட்கள் ஆகின்றன. அதை 75 நாட்களாகக் குறைக்க முடிந்தால் ஏறத்தாழ 53 லட்சம் ரூபாய் விடுபடும். அந்த அளவுக்கு வங்கியின் ஓவர்டிராஃப்டும் வட்டியும் குறையும். உங்கள் தொழிற்சாலையின் உண்மையான எண்களை வைத்து, கடந்த மூன்று ஆண்டுகளுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பிறகு அதை அப்பாவிடம் காட்டி, எந்த டீலருக்கு ஏன் அதிக நாள் விட்டுக்கொடுக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன்பின் அந்த வரியை எழுதுங்கள்.